மேசைக்குள் அடங்காத கோலாலம்பூர்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
2603 ஜூன் 6

அன்புள்ள தம்பி சபாபதிக்கு,

இங்கு நலம். நீயும் லெட்சுமியும் எப்படி இருக்கிறீர்கள்? அவள் முழங்கால் வலி குறைந்ததா?

முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். எனக்குப் புத்தி பிசகி, இந்த வயதில் பொம்மை ரயில் விட்டு விளையாடுவதாகக் கிள்ளானில் பேசிக்கொள்கிறார்களாம். ஜவுளிக்கார மஜீத் பாய் சொன்னார். நான் விளையாடவில்லை. கோலாலம்பூரை ஒரு மேசை அளவுக்கு வடிவமைக்கிறேன். புத்தி இருந்த இடத்திலேயே இருக்கிறது.

நடந்தது இதுதான். ரயில்வே குவார்ட்டர்ஸில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்க்க வந்த ஜப்பானியப் பொறியாளர் ஹிராத்தா, அலமாரி மேலிருந்த, உன் அத்தான் விட்டுப்போன சாவி ரயிலைப் பார்த்தார். சாவி கொடுத்து ஓட விட்டார். அத்தான் வரைபடப் பிரிவில் இருந்தபோது வரைந்த நகரப் படத்தையும் பார்த்தார். நான் கான்வென்டில் நிலப்படம் வரையக் கற்றுக்கொடுத்தவள் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். அடுத்த வாரம் ஆணை வந்தது. நகரத்தையும் அதன் ரயில் பாதைகளையும், இருப்பதை இருப்பதுபோல், என் வீட்டிலேயே நான் செய்து தர வேண்டும். உதவிக்குச் செந்தூல் ரயில்வே பட்டறையிலிருந்து ஒரு ஃபிட்டர் கேட்டேன். பெயர் சொல்லியே கேட்டேன். அதனால் உன் மகன் வேலாயுதம் இப்போது என் வீட்டில் பிஸ்கட் டின் வெட்டுகிறான். சீட்டியடித்துக்கொண்டே வெட்டுகிறான். வெட்டு கோணுகிறது.

என் சாப்பாட்டு மேசை ஆறடிக்கு நாலடி. அந்த ரயிலின் அளவுக்கு ஏற்ப நிலையத்தைக் கட்டினால் அது ஒன்றே மேசையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். ஆகவே குவிமாடங்களில் பாதியை எடுத்துவிட்டேன். புடு பகுதியை விட்டேன், பத்து ரோடு கடைத்தெருவை விட்டேன். இரண்டு ஆறுகளையும் விட முடியாது, அவை சேரும் சேற்று முகம் என்பதுதானே இந்த ஊரின் பெயர். எல்லாம் ஒருவாறு அமைந்தது, நிலையத்துக்குத் தெற்கே கிள்ளான் பாதை பிரியும் இடம் மட்டும் வழிக்கு வரவில்லை. கையிலுள்ள வளைவுத் துண்டுகளை எப்படிச் சேர்த்தாலும் பாதை மேசை விளிம்பைத் தாண்டுகிறது.

முப்பது வருஷம் பாதை போட்டவன் நீ. யோசித்து எழுது. வழக்கம்போல் நாலு வரியில் முடித்துவிடாதே. ஆண்டை இப்போது ஜப்பானியர் கணக்கில், 2603 என்றுதான் போட வேண்டுமாம், மறந்துவிடாதே.

அன்பு அக்கா,
இராஜம்மா


கிள்ளான்
2603 ஜூன் 21

அன்பும் மரியாதையும் உள்ள அக்காவுக்கு,

சபாபதி எழுதுவது. நாங்கள் நலம் என்றுதான் எழுத வேண்டும். லெட்சுமியின் முழங்கால் அப்படியே இருக்கிறது. மரவள்ளி சாப்பிட்டு எனக்கு வயிறு சரியில்லை.

அக்கா, கோபிக்காதீர்கள். காப்பார் ரப்பர் தோட்டங்களிலிருந்து லோரி லோரியாக, ஜப்பான்காரன் போடும் சயாம் ரயில் பாதை வேலைக்கு ஆள் ஏற்றுகிறார்கள். போனவர்களிடமிருந்து தகவலே இல்லை. செந்தூலிலிருந்து போகும் கூட்டத்தில் தன் பெயரும் இருப்பதாகப் போன மாதம் வேலாயுதம் எழுதினான். அன்றிலிருந்து லெட்சுமி சரியாகச் சாப்பிடுவதில்லை. நீங்களோ அவன் டின் வெட்டுகிறான், சீட்டியடிக்கிறான் என்கிறீர்கள். அவன் போகிறானா, இல்லையா? அதை ஒரு வரியில் எழுதாமல் ஒரு பக்கம் முழுக்கக் குவிமாடக் கணக்கு எழுதினால் நான் அவளுக்கு எதைப் படித்துக் காட்டுவது?

கிள்ளான் பாதை என்ன பெரிய காரியம்? மேசைக்குள் வராத பாதையை மேசைக்கு அடியில் விட வேண்டியதுதானே. இதுகூடத் தோன்றவில்லையா? அடுத்த கடிதத்தில் படம் போட்டு அனுப்புகிறேன்.

தங்கள் தம்பி,
சபாபதி


பிரிக்பீல்ட்ஸ்
ஜூலை 4, 1943
மஜீத் பாய் கைவசம்

அன்புள்ள தம்பிக்கு,

நலம். இது தபாலில் போகாததால் ஆண்டை நம் கணக்கிலேயே போட்டிருக்கிறேன். தபாலைப் பிரித்துப் படிக்கிறார்கள் என்பது உனக்குத் தெரியாதா? தெரிந்துமா சயாம் பற்றி அப்படி எழுதினாய்?

ஒரு வரியில் கேட்டாய். வேலாயுதம் போகவில்லை. அவன் கூட்டம் போன வாரம் புறப்பட்டுவிட்டது. வேலை முடியும்வரை அவன் என்னிடம் இருக்கலாம் என்று ஹிராத்தா எழுதிக் கொடுத்திருக்கிறார். முடியும்வரை. அந்தச் சொல்லை நன்றாகப் படி. முடிந்துவிட்டால் அடுத்த கூட்டத்தில் அவனும் போவான். ஆகவே இது முடியாது. முடிக்க மாட்டேன்.

இதற்காக நான் பொய்த் தவறு எதுவும் தேட வேண்டியதில்லை. உண்மையான தவறுகளே போதுமான அளவுக்கு இருக்கின்றன. போன வாரம் பிரிக்பீல்ட்ஸ் வீடுகளை ரப்பர் பாலால் ஒட்டினேன். உலர்ந்ததும் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டன. பிரித்தேன். ஹிராத்தா அளவுகோலோடு வந்து பார்த்தார். 'சரி, பிரிக்கத்தான் வேண்டும்' என்றார். அவரும் ஒழுங்கு பார்க்கிற மனிதர். அதுதான் எனக்குப் பெரிய உதவி.

அந்தப் படத்தை அனுப்பாதே. தபாலில் நான் சந்தேகம் கேட்பேன். உனக்கும் விளங்கவில்லை என்று பதில் எழுது. ஒரு முறையாவது தெரியாதவனைப்போல் இரு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கூட்டத்தில் ஆள் எண்ணிக்கை குறையக் கூடாதாம். வேலாயுதம் பெயரை அடித்துவிட்டு அந்த இடத்தில் நாகையா என்பவன் பெயரை எழுதினார்கள். அதே பட்டறைக்காரன். மனைவி சந்திரகலா, இரண்டு பெண் குழந்தைகள். அவன் போய்விட்டான். வேலாயுதத்துக்கு இது தெரியாது. நீ அவன் தகப்பன், உனக்குத் தெரிய வேண்டும். நீ என்ன நினைக்கிறாய் என்று எனக்கு எழுது.

இதையும், இனி மஜீத் பாய் கையில் வருவதையும் படித்ததும் எரித்துவிடு.

இராஜம்மா


கிள்ளான்
2603 ஆகஸ்ட் 15

அன்பும் மரியாதையும் உள்ள அக்காவுக்கு,

நாங்கள் அனைவரும் பூரண நலம். லெட்சுமி நலம். வயிறு நலம். தங்கள் நலத்தையும் வேலாயுதத்தின் நலத்தையும் அறிய ஆவல். கொல்லையில் சர்க்கரைவள்ளிக் கொடி நன்றாகப் படர்ந்திருக்கிறது. மழையும் போதுமான அளவு பெய்கிறது.

கிள்ளான் பாதையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது கடினம். மிகவும் கடினம். விளங்கவில்லை என்று எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எனக்கு விளங்கவில்லை.

வேறு விசேஷம் இல்லை.

தங்கள் தம்பி,
சபாபதி


பிரிக்பீல்ட்ஸ்
நவம்பர் 9, 1943
மஜீத் பாய் கைவசம்

சபாபதிக்கு,

நலம். உன் நலத்தை விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. லெட்சுமியின் நலத்தை விசாரிக்கிறேன்.

நேற்று ஹிராத்தா வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் விரித்தார். பென்சில் படம். நிலையத்தின் பின்புறம் கிள்ளான் பாதை சரிவாக இறங்கி, பலகைக்கு அடியில் திரும்பி, ஆற்றங்கரையில் மேலே ஏறுகிறது. சரிவுக்கு அளவு. வளைவுக்கு அளவு. ஓரத்தில் உன் கையெழுத்து! கையெழுத்து வேறு போட வேண்டுமா உனக்கு?

'உங்கள் தம்பி நல்ல ரயில்காரர்' என்றார் இங்கிலீஷில். 'நீங்கள் மாதக்கணக்காக முடியாது என்றதை அவர் நின்ற இடத்திலேயே முடித்துவிட்டார்.'

'தாள் அழுக்காக இருக்கிறது' என்றேன். வேறு என்ன சொல்வது?

உன் மகன் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான். "அட, அப்பா கை! இது ஓடும் அத்தை, ஜோரா ஓடும்" என்றான். முடிந்தால் எங்கே போக வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் வாய் நிற்கவில்லை. மரவள்ளி உரிக்க அடுப்படிக்கு அனுப்பினேன். தகப்பனுக்குத் தப்பாத பிள்ளை.

புது வருஷத்துக்கு முன் முடிய வேண்டுமாம். புகைப்படம் எடுத்து ஜப்பானுக்கு அனுப்பப் போகிறாராம். இப்போது நான் என்ன செய்யட்டும்? அதையும் ஒரு படம் போட்டு அனுப்பு.

நாகையாவைப் பற்றி ஜூலையில் எழுதியிருந்தேன். அதற்கு நீ ஒரு சொல்லும் எழுதவில்லை. சர்க்கரைவள்ளிக்கு இரண்டு வரி எழுத முடிந்தது.

இராஜம்மா


கிள்ளான்
நவம்பர் 20, 1943
மஜீத் பாய் கைவசம்

அக்காவுக்கு,

லெட்சுமி நலம், ஆனால் என்னோடு பேசுவதில்லை. சோற்றை வைத்துவிட்டு, சோறு என்றால் மரவள்ளிதான், அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். நீங்கள் திட்டியது போதாதா?

நடந்ததைக் கேளுங்கள். அந்த ஆள் டிராலியில் வந்து இறங்கினான். பழைய ஆட்கள் எல்லோரையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டான். மொழிபெயர்க்கத் தம்புசாமி கிளார்க். 'உன் அக்கா ஒரு மேசைமேல் பாதை போட முடியாது என்கிறாள். நீயும் விளங்கவில்லை என்று கடிதம் எழுதியிருக்கிறாய். நீங்கள்தானா இந்த லைன் முழுவதையும் போட்டது?' என்றான். அதைத் தமிழில் சொன்ன தம்புசாமி, அதோடு விடாமல், "என்ன சபாபதி அண்ணே, பொம்மை ரயிலே உங்களுக்குத் தண்ணி காட்டுதா லா?" என்று தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டான். எனக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள், அக்கா. 'முடியுமா, முடியாதா?' என்றான் அவன். 'போலே' என்று என் வாய் மலாயில் சொல்லிவிட்டது. முடியும் என்று. பென்சில் எப்போது கைக்கு வந்ததென்று தெரியாது. படத்தை அவன் மடித்துப் பையில் வைத்தபோதுதான் வேலாயுதம் ஞாபகத்துக்கு வந்தான்.

என் இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள். உங்களிடம் யாராவது வந்து உங்களுக்கு நிலப்படம் வரையத் தெரியாது என்று சொல்லட்டும், பார்ப்போம்.

அவனைக் காப்பாற்றுங்கள். உங்களால்தான் முடியும்.

சபாபதி


பிரிக்பீல்ட்ஸ்
ஜனவரி 16, 1944
மஜீத் பாய் கைவசம்

தம்பிக்கு,

நலம். லெட்சுமி உன்னோடு பேச ஆரம்பித்தாளா? இதைப் படித்துக் காட்டு, பேசுவாள்.

உன் பாதையை அமைத்தேன். வேறு வழி இல்லை. அது நன்றாக ஓடுகிறது. பங்சார் பக்கம் இறங்கி மறைகிறது, ஆற்றங்கரையில் முனகிக்கொண்டு ஏறுகிறது. இது பாராட்டு அல்ல, தகவல்.

ஹிராத்தா புகைப்படக் கருவியோடு வந்தார். நிலையத்துக் கடிகாரம், இப்போது இங்கே சட்டமாக்கியிருக்கும் தோக்கியோ நேரம் காட்டுகிறதா என்றுகூடக் குனிந்து பார்த்தார். காட்டியது. எல்லாம் சரி, நாளைக்கு வேலாயுதம் பட்டறைக்குத் திரும்பலாம் என்றார். வேலாயுதம் முகத்தை நான் பார்க்கவில்லை.

'இது சரியில்லை' என்றேன்.

'எது?'

'இங்கே யார்டில் வண்டி ஒதுக்கி நிறுத்தும் சைடிங் மூன்று இருக்கிறது. வெளியே வந்து பாருங்கள், இரண்டுதான் இருக்கிறது. போன வாரம் ஒன்றைப் பெயர்த்து ஏற்றிப் போனது உங்கள் ஆட்கள்தான். இருப்பதை இருப்பதுபோல் என்று நீங்கள்தான் ஆணையில் எழுதினீர்கள்.'

சிறிய காரியம், அப்படியே விட்டுவிடுங்கள் என்றார். கான்வென்டில் நிலப்படத்தில் ஓர் ஊரைத் தவறான இடத்தில் வைத்தால் தாள் முழுவதையும் திரும்ப வரைய வேண்டும், எனக்கு அப்படித்தான் பழக்கம் என்றேன். அவருக்குக் கோபத்தில் காது சிவந்தது. அவர் போய் யார்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். மேசைமேலிருந்த மூன்றாவது சைடிங்கைத் தன் கையாலேயே பெயர்த்தார். பக்கத்தில் இருந்த மூன்று வீடுகளும் சேர்ந்து வந்துவிட்டன. புகைப்படம் எடுக்கவில்லை.

மலாக்கா பாதையையே பெயர்த்துச் சயாமுக்குக் கொண்டு போனவர்கள் கோலாலம்பூரை மட்டும் விட்டுவைப்பார்களா? இவர்கள் நகரத்தைப் பிய்த்துக்கொண்டே இருக்கும்வரை என் வேலை முடியாது. எரிச்சலான பிழைப்புதான். என் சாப்பாட்டு மேசையில் நான் உட்கார்ந்து சாப்பிட்டே மாதங்கள் ஆகின்றன.

நாகையா விஷயமாக இன்னும் உன் பதில் வரவில்லை. உன் கடிதத்தில் தம்புசாமிக்கு இடம் இருந்தது.

இராஜம்மா


பிரிக்பீல்ட்ஸ்
மார்ச் 18, 1945
மஜீத் பாய் கைவசம்

தம்பிக்கு,

நலம் என்று எழுதுகிறேன். உயிரோடு இருக்கிறோம் என்று பொருள்.

வெள்ளைக்காரர் விமானங்கள் செந்தூல் பட்டறையில் குண்டு போட்டது கிள்ளானுக்கும் எட்டியிருக்கும். அந்த நேரத்தில் உன் மகன் என் வீட்டில் கம்பி நிமிர்த்திக்கொண்டிருந்தான். லெட்சுமியிடம் சொல்.

ஹிராத்தா வந்தார். இளைத்துப்போயிருக்கிறார். செந்தூலைப் பழையபடியே வையுங்கள் என்றார். ஆணையை ஞாபகப்படுத்தினேன். மேசையில் செந்தூல் பட்டறையை விரலால் தொட்டார். பிறகு, 'அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள்' என்று சொல்லிவிட்டுப் போனார். வாதம் செய்யவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

நாகையா மனைவி சந்திரகலாவின் வீடும் இடிந்துவிட்டது. அவளையும் குழந்தைகளையும் என் பின்னறையில் வைத்திருக்கிறேன். வேலாயுதம் அவர்களுக்குத் தண்ணீர் சுமக்கிறான். பிள்ளைகள் அவனை மாமா என்கிறார்கள். நேற்று அவள், "எங்க வீட்டுக்காரரு பேரு மொதல்ல இல்லியாம்மா. வேற யாரோ பேரை அடிச்சிட்டு எழுதினாங்களாம். எந்தப் புண்ணியவானோ" என்றாள். நான் மரவள்ளி உரித்துக்கொண்டிருந்தேன். தொடர்ந்து உரித்தேன்.

இதை நான் தனியாகச் சுமக்க வேண்டும் என்பதுதான் உன் முடிவா? முடிவு என்றால் அதையாவது எழுது.

இராஜம்மா


கிள்ளான்
செப்டம்பர் 23, 1945

அன்பும் மரியாதையும் உள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம்! தபாலில் இனித் தைரியமாக எழுதலாம். வெள்ளைக்காரன் திரும்பி வந்துவிட்டான். கிள்ளான் பாசாரில் அரிசியைக் கண்ணால் பார்த்தேன்.

வேலாயுதத்தை உடனே அனுப்பி வையுங்கள். செமினியில் பழனியப்பன் மகளைப் பேசி வைத்திருக்கிறோம். நல்ல குடும்பம். லெட்சுமி இப்போதே பலகாரத்துக்கு என்ன செய்வது என்று கவலைப்படுகிறாள். அத்தனை பேர் போய்ச் செத்த இடத்துக்கு நம் பிள்ளை பெயர் எப்படியோ போகாமல் தப்பியது. கடவுள் செயல். நாம் யாருக்கும் கெடுதல் நினைத்ததில்லை.

அந்த மேசை ரயிலையும் லோரி பிடித்து அனுப்பினால் கல்யாண வீட்டில் எல்லோருக்கும் ஓட்டிக் காட்டலாம். தம்புசாமியையும் கூப்பிடப் போகிறேன்.

தங்கள் தம்பி,
சபாபதி


பிரிக்பீல்ட்ஸ்
அக்டோபர் 14, 1945

அன்புள்ள தம்பி சபாபதிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. லெட்சுமியின் முழங்காலை வெள்ளைக்கார டாக்டரிடம் இப்போதாவது காட்டு.

கடவுள் செயல் என்று எழுதியிருக்கிறாய். கடவுளை இதில் இழுக்காதே. அது என் செயல். பெயர் சொல்லிக் கேட்டது நான். திரும்ப அப்படி ஒரு நாள் வந்தாலும் கேட்பேன். அதற்காக, நடந்ததை வேறு விதமாக எழுதிக்கொள்ள மாட்டேன்.

சயாமிலிருந்து ரயில்கள் வரத் தொடங்கிவிட்டன. வேலாயுதம் தினமும் சந்திரகலாவோடு பிளாட்பாரத்துக்குப் போனான். இறங்குகிறவர்களிடம் ஒவ்வொருவராக நாகையாவைக் கேட்டான். போன வியாழக்கிழமை செந்தூல்காரன் ஒருவன் இறங்கினான். முதல் மழையிலேயே காலராவில் நாகையா போய்விட்டான் என்றான். அதோடு, வேலாயுதத்தை ஏற இறங்கப் பார்த்து, "நீ வரவேண்டிய எடம்தானே அது" என்றும் சொல்லியிருக்கிறான்.

வேலாயுதம் வீட்டுக்கு வந்து மேசைக்கு அந்தப் பக்கம் நின்றான்.

"அத்தை, என் பேரை அடிச்ச எடத்துல நாகையா அண்ணனையா எழுதினாங்க?"

"ஆமா."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே."

மேசைமேல் கிடந்த டின் துண்டை எடுத்து நிமிர்த்தினான். பிறகு, "அப்பாவுக்கு?" என்றான்.

"அதை அவர்தான் சொல்லணும்" என்றேன்.

சந்திரகலாவிடம் நானே போய்ச் சொன்னேன். அவள் கத்தவில்லை. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு அடுத்த வரிசையில் ஒரு வீட்டுக்குப் போய்விட்டாள். நான் கொடுத்தனுப்பிய அரிசி திரும்பி வந்தது. அவள் செய்தது சரி. வேலாயுதம் தண்ணீர் கொண்டுபோய் அவள் வாசலில் வைக்கிறான். தண்ணீரை மட்டும் எடுத்துக்கொள்கிறாள்.

அவன் இப்போது கிள்ளானுக்கு வர மாட்டான். கல்யாணப் பேச்சை நிறுத்திவை. மேசை ரயிலும் வராது. அது முடியவில்லை, முடியாததை ஊர் பார்க்க அனுப்பும் வழக்கம் எனக்கு இல்லை.

மஜீத் பாய் கையில் நான் எழுதியனுப்பியதை எல்லாம் நீ எரித்துவிட்டாய். நான் சொல்லித்தான் எரித்தாய். அதனால் உனக்குத் தெரியும் என்பதற்கு இன்று உன் சொல்லைத் தவிர வேறு எதுவும் இல்லை. நீ தெரியாது என்று சொன்னால் நான் மறுத்துப் பேச மாட்டேன். அவன் உன்னை நம்பிக்கொள்வான், என்னோடு பேசுவதை நிறுத்துவான். தெரியும் என்று சொன்னால் உன்னோடும் அவன் பேசாமல் போகலாம். இரண்டில் எதுவானாலும் அதை நீ சொல்ல வேண்டும். இரண்டு வருஷத்துக்கு மேலாக உன் கடிதங்களில் வயிறும் சர்க்கரைவள்ளியும் படித்துவிட்டேன். இனி முடியாது.

தபால்காரர் வரும் நேரத்துக்கு அவன் வாசலில் போய் நிற்கிறான். மஜீத் பாயிடம் வாய்மொழியாகச் சொல்லி அனுப்பாதே. லெட்சுமியை விட்டு எழுதவும் வைக்காதே. எனக்கும் எழுத வேண்டாம். வேலாயுதம் பெயருக்கே, உன் கையால், தெரியும் அல்லது தெரியாது என்று எழுது. இந்த வாரத் தபாலில் அந்தப் பதிலை எதிர்பார்க்கிறேன்.

உன் அக்கா,
இராஜம்மா